கடைசி பஸ்ஸிலிருந்து திட்டமிடுங்கள்

ஒரு சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளராகத் தெரிவானவர் வருடாந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கதைக்க வந்தால், கதை பெரும்பாலும் மண்டபத்தில்தான் ஆரம்பிக்கும். எந்த ஹோல், என்ன வாடகை, யார் பிரதம அதிதி, என்ன சாப்பாடு. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் அங்கத்தவர்களில் ஆகத் தொலைவில் இருப்பவர் யார்? அவர் வீடு போய்ச் சேரக் கண்டியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும். எப்படியென்று ஆறுதலாகச் சொல்கிறேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. அங்கத்தவர்களோ மேலே இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கமோ, ஆசிரியர் சங்கமோ, இலக்கிய வட்டமோ, மரண உதவிச் சங்கமோ, பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் கட்டுகலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை முகவரிகளுக்கு இடையே கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, றங்கலை, மடுல்கலை என்று முகவரிகள் வரும். வரைபடத்தில் பார்த்தால் பக்கம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால்தான் அந்த வளைவுகளின் நீளம் தெரியும். பஸ் இறக்கிவிட்ட சந்தியிலிருந்து டிவிஷனுக்கு ஏற வேண்டிய நடை அதற்கு மேல். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடக்க மாட்டார். நடக்கவும் கூடாது. ஆகவே மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றித் தொடங்கும் விழா, எவ்வளவு அழகாக ஒழுங்கு செய்யப்பட்டிருந்தாலும், அந்த அங்கத்தவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்ட விழாதான்.

வருகிறவர்கள் வந்தால் போதாதா என்று நிருவாக சபையில் யாராவது கேட்பார்கள். போதாது. கல்யாண வீட்டில் அழைப்பவர் ஒருவர், அழைக்கப்படுபவர் இன்னொருவர். வராதவருக்கு நட்டம் ஒரு நேரச் சாப்பாடு மட்டும்தான். சங்கத்தில் வருகிறவர்தான் வீட்டுக்காரர். நிருவாக சபை அவருடைய பணத்தில், அவருடைய பெயரில், ஒரு வருடத்துக்கு மட்டும் வேலை பார்க்கிறது. அவர் வராமல் நடந்த கூட்டத்தில் எடுத்த தீர்மானம் யாப்பின்படி செல்லலாம். ஆனால் அடுத்த வருடம் சந்தா கேட்டுப் போகும்போது அவர் முகம் வேறு கதை சொல்லும்.

சங்கம் சேரும் பழக்கம் கண்டிக்குப் புதிதில்லை. 1854 பெப்ரவரி 17ஆம் திகதி கோப்பித் தோட்டத் துரைமார் இந்த நகரத்தில் கூடித்தான் தங்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தேயிலை வர இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தது. ரயிலும் அப்போது கிடையாது. வீதியும் ரயில் பாதையும் வேண்டும், தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்க அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1906இல், தும்பறையில் மெனிக்கின்னைக் கிராமத்தார் ஒரு கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். இலங்கையின் கூட்டுறவு வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல்தான் வந்தது. ஆட்கள் சட்டத்துக்கு முன்னரே கூடிவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் எங்கும் கைக்கொள்ளும் விதியொன்று இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர்கள் 1844இல் தொடங்கிய சங்கத்திலிருந்து வருகிறது: எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. நகரத்தில் கடை வைத்திருப்பவரும் மலையில் கொழுந்து பறிப்பவரும் ஒரே பட்டியலில் இருக்கும் சங்கத்தில் இந்த விதிக்கு உயிர் இருக்க வேண்டுமானால், இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டும்.

இனி நேரத்தைப் பின்னோக்கி எண்ணுவோம். ஒரு பேச்சுக்கு, உங்கள் தூரத்து அங்கத்தவரின் கடைசி பஸ் ஐந்தரை மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கடைசி பஸ்ஸை நம்பி யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்தியதைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். அதாவது நாலரை. மண்டபத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு அரை மணித்தியாலம் வையுங்கள். தலதா மாளிகை முன்னால் உள்ள வீதி 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டதிலிருந்து, ஏரிக்கு அப்பால் இருந்து நகரத்துக்குள் வருவது எவ்வளவு சுற்று என்பது கண்டிக்காரருக்குத் தெரியும். ஊருக்கு ஊர் பஸ் ஏறும் இடமும் வேறு. ஆக, நாலு மணிக்கு அவர் எழுந்து போகலாம் என்ற நிலை இருக்க வேண்டும். நாலு மணிக்கு முடியவேண்டுமானால், சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பொதுக்கூட்டம் அதற்கு முன்னால், பத்து மணிக்கு. பதிவு ஒன்பது மணியிலிருந்து. தெல்தோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவருக்கு இது சரியாக இருக்கும். ஹட்டன் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பதுளை மார்க்கத்து ரயில்களில் சில கண்டிக்குள் வராமல் பேராதனைச் சந்தியோடு போய்விடும். அங்கே ஒரு வேன் நிற்பாட்டினால் பத்துப் பேர் வருவார்கள். நிற்பாட்டாவிட்டால் மூன்று பேர் வருவார்கள்.

ஐந்து நிமிடக் கணக்குத்தான் இது. இதற்குள்ளே நிகழ்ச்சி பகலில் நடக்க வேண்டும், பொதுக்கூட்டம் சாப்பாட்டுக்கு முன்னால் வர வேண்டும், கலை நிகழ்ச்சி சாப்பாட்டுக்குப் பின்னால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும், மண்டபம் பஸ் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் நல்லது என்ற நான்கு முடிவுகளும் வந்துவிட்டன. ஏரிக்கு மேலே மலைச்சரிவில் காட்சி அழகாகத் தெரியும் ஹோட்டல் மண்டபத்தை யாராவது மும்முரமாகச் சிபாரிசு செய்தால், கார் இல்லாத அங்கத்தவர் அங்கே எப்படி ஏறுவார் என்று மட்டும் கேளுங்கள்.

திகதி பார்ப்பது கண்டியில் பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்க முடியாது. ஆடி, ஆவணியில் எசல பெரஹர வரும். கும்பல் பெரஹர ஐந்து இரவும் ரந்தோலி பெரஹர ஐந்து இரவும் நகரம் உங்கள் கையில் இல்லை. வீதிகள் மூடப்படும், அறை கிடைக்காது, பஸ்கள் வேறு இடத்தில் நிற்கும். மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர் ஓடும். உங்கள் அங்கத்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டோடு நிகழ்ச்சி வைத்தால் முஸ்லிம் அங்கத்தவர்களை வாசலில் நிற்பாட்டியதுபோல் ஆகும். பரீட்சைக் காலத்தில் பெற்றோர் வர மாட்டார்கள். தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். 3ஆம் திகதி ஞாயிறு நிகழ்ச்சி வைத்துச் சந்தா பாக்கியையும் அன்றைக்கே கேட்டால், கையில் காசில்லாதவர் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். 10ஆம் திகதிக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு என்பது சின்ன மாற்றம்தான். ஆனால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

போயா நாளில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் விடுமுறை, அது நல்லது. அன்றைக்கு இறைச்சிக் கடை இராது, மது விற்பனை இராது. மரக்கறிச் சாப்பாட்டோடு நடக்கும் சங்கத்துக்கு இது ஒரு தடையே இல்லை. ஆனால் பௌத்த அங்கத்தவர்கள் சில் எடுக்கப் போவார்கள், மாளிகையைச் சுற்றிக் கூட்டம் நிரம்பும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வாரவிடுமுறையாக இருந்தன. விடுமுறை எந்தக் கிழமையில் விழும் என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் அன்றைய செயலாளர்கள் கூட்டம் குறித்திருப்பார்கள். இன்றைக்கு நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு நாட்காட்டியை விரித்து வைத்து, அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகை மழை கண்டியில் பின்னேரமாகிவிட்டால் கொட்டத் தொடங்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வீதி மூடப்படும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் என்ன பாடுபட்டன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழைக் காலத்தில் தூரத்து அங்கத்தவர்களை நகரத்துக்கு அழைப்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது. தை முதல் பங்குனி வரையான உலர்ந்த மாதங்களில் வையுங்கள். மண்டப வாடகை அந்த மாதங்களில் கூடுதலாக இருந்தாலும் கொடுங்கள்.

எவ்வளவு பார்த்துக் குறித்தாலும் நாள் தவறலாம். 1998இல் சுதந்திரத்தின் பொன்விழாவைக் கண்டியில் கொண்டாட அரசாங்கம் எல்லாம் ஆயத்தம் செய்திருந்தது. ஜனவரி 25ஆம் திகதி மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. விழாவுக்கு இருந்தது பத்தே நாள். அதைக் கொழும்புக்கு மாற்றி, இளவரசர் சார்ள்ஸ் முன்னிலையில் பெப்ரவரி 4ஆம் திகதியே நடத்தினார்கள். அரசாங்கத்துக்குப் படையும் பணமும் இருந்தது. நம்மைப்போன்ற சங்கத்துக்கு இருப்பது ஒரு தொலைபேசிப் பட்டியல் மட்டும்தான். ஆகவே மாற்று நாள் ஒன்றையும் மாற்று இடம் ஒன்றையும் முதற் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்துவிடுங்கள். யார் யாருக்கு யார் சொல்வது என்பதையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோருக்கும் போய்ச்சேரும் என்று நம்ப வேண்டாம். மலைக்குப் பின்னால் சிக்னல் இல்லாத லயங்கள் உண்டு. பேத்தியின் போனில் மட்டும் வாட்ஸ்அப் வைத்திருக்கும் தாத்தாக்கள் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும், தெல்தோட்டைக்கு ஒருவர், புசல்லாவைக்கு ஒருவர், றங்கலைக்கு ஒருவர் என்று பொறுப்பானவர் இருக்க வேண்டும். வருகிறவர் எத்தனை பேர் என்ற கணக்கும் அவர் வழியாகத்தான் சரியாக வரும்.

நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். இங்கேதான் நல்ல சங்கங்களும் சறுக்குகின்றன. பெரஹரவைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? சாட்டையடிப்பவர்களும் கொடிகளும் போன பிறகு முதலாவது யானையில் வருகிறவர் பெரமுன ரால. அவர் கையில் லேகம் மிட்டிய என்ற ஏட்டுச் சுவடி இருக்கும். யார் யார் என்ன நிலத்துக்காக என்ன சேவை செய்ய வேண்டும் என்ற பதிவு அது. நடனக்காரர், மேளக்காரர், யானைப்பாகர், நிலமேமார் எல்லோருடைய இடமும் கடமையும் முன்னரே எழுதப்பட்டிருப்பதால்தான் அத்தனை ஆயிரம் பேர் இரவில் முட்டிமோதாமல் நகர்கிறார்கள். நமது விழாக்களில் நிரல் அச்சிடப்படுகிறது. ஆனால் கடமை எழுதப்படுவதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று தலைப்புகள் மட்டும் இருக்கும். மேடையில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் யார், மைக்கைச் சோதிக்கிறவர் யார், பேச்சாளருக்கு நேரமாகிவிட்டது என்று சீட்டு நீட்டுகிறவர் யார் என்று ஒரு இரண்டாவது தாள் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். இரண்டு பெயர் எழுதிய வேலையை அவர் செய்வார் என்று இவரும் இவர் செய்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

நேரத்தை வெட்டுவது அவமரியாதை என்று நினைக்கிறவர்கள் பேராதனையின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், அடுத்து நொண்டி நாடகம், பிறகு இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. ஓர் இரவு முழுக்க நீண்ட ஆட்டத்தை நகரத்து மேடைக்கு ஏற்றபடி சில மணித்தியாலத்துக்குள் அடக்கினார்கள். ஆட்டத்தின் முறுக்கு குறையவில்லை. மீண்டும் மீண்டும் வந்த பகுதிகள்தான் போயின. அண்ணாவிமாரின் கலையை இவ்வளவு அன்போடு சுருக்க முடிந்ததென்றால், ஒரு வாழ்த்துரையைச் சுருக்க முடியாதா? நமது மேடைகளில் மீண்டும் மீண்டும் வருவது எது என்று பாருங்கள். ஒவ்வொரு பேச்சாளரும் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் பெயர் சொல்லி விளிப்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொன்னாடை, அதற்குத் தனித்தனியாகப் புகைப்படம். விளிப்பதைத் தலைவர் ஒருவரே தொடக்கத்தில் செய்துவிடலாம். பொன்னாடை சங்கத்துக்கு உண்மையாக உழைத்த ஒருவருக்கு மட்டும் என்று வைத்தால் அந்தப் பொன்னாடைக்கே மதிப்புக் கூடும். இப்படி மிச்சமாகும் நேரத்தில்தான் அங்கத்தவர் வாய் திறக்க முடியும்.

அங்கத்தவர் வாய் திறக்கும் இடம் எது? 'வேறு விடயங்கள்' என்று நிரலின் அடியில், நன்றியுரைக்கு முன்னால் ஒளிந்திருக்கும் வரி. அந்த வரி வரும்போது பசி வந்திருக்கும், தலைவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், தூரத்து ஆட்கள் பையைத் தூக்கியிருப்பார்கள். இதை நான் ஒரு அநியாயமாகவே கருதுகிறேன். சென்ற வருட அறிக்கையும் கணக்கும் வாசித்து முடிந்தவுடனே அங்கத்தவர் கேள்விகளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதன் பிறகு தெரிவு. பிரதம அதிதியைப் பொதுக்கூட்டத்துக்கு அழைக்க வேண்டியதே இல்லை. அவரைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், பதினொன்றேமுக்காலுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டு விவகாரம் முடிந்த பிறகு விருந்தாளி வருவதுதான் முறை. அவர் தாமதமாக வந்தாலும் கூட்டம் அவருக்காகக் காத்திருக்காது.

கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது பிறவியில் வருவதில்லை. 1863இல் அமெரிக்காவில் ஹென்றி மார்ட்டின் ரொபர்ட் என்ற இராணுவப் பொறியியலாளரை ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவரால் கட்டுப்படுத்த முடியாமல் கூட்டம் குழம்பிப் போயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் கூட்ட நடைமுறையைப் படிக்கத் தொடங்கி, 1876இல் வெளியிட்ட விதிநூலை இன்றும் உலகமெங்கும் சங்கங்கள் பின்பற்றுகின்றன. நமக்கு அவ்வளவு தடித்த புத்தகம் தேவையில்லை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு பிரேரணை, ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர் பொறுத்திருத்தல், வாக்கெடுப்பின் முடிவை உரத்துச் சொல்லி எழுதிக்கொள்ளல். இவ்வளவும் தெரிந்த தலைவர் கிடைத்தால் சங்கத்தின் பாக்கியம். யாப்பை ஒரு தடவை எடுத்து வாசித்துவிடவும் வேண்டும். எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் 14 நாள் அல்லது 21 நாள். நடப்பெண் எத்தனை என்றும் இருக்கும். அறிவித்தல் ஒரு நாள் பிந்தினாலும், தெரிவில் தோற்றவர் பிறகு அதைத்தான் பிடிப்பார்.

வாசல் மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்தை அங்கத்தவர் முதலில் காண்பது அங்கேதான். அதிகாலையில் எழுந்து, இரண்டு பஸ் மாறி, சாறித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு அம்மா படியேறி வருகிறார். மேசையில் ஒரு கொப்பி, ஒரு பேனா, முன்னால் முப்பது பேர் வரிசை. அவருடைய முறை வந்ததும், "அக்கா, உங்களுக்கு ரெண்டு வருசச் சந்தா பாக்கி இருக்கு" என்று பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி ஒரு இளைஞர் சொல்கிறார். அந்த அம்மா அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார். இளைஞரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் கொப்பியைக் கொடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். மூன்று மேசை போடுங்கள். முதல் மேசையில் வணக்கமும் பெயர் அட்டையும் மட்டும். பெயர் தூரத்திலிருந்தே வாசிக்கக் கூடிய பெரிய எழுத்தில் இருக்கட்டும். பழைய மாணவர் சங்கமென்றால் பெயருக்குக் கீழே படித்த வருடம், அதைப் பார்த்துத்தான் பழைய வகுப்புத் தோழிகள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பார்கள். கையெழுத்துக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஊர்வாரியாக நாலு பேனாவோடு இரண்டாவது மேசையில் வையுங்கள். சந்தா மேசை சற்றுத் தள்ளி, சுவர்ப்பக்கமாக இருக்கட்டும். அங்கே பொருளாளரோ அவருக்கு நம்பிக்கையான ஒருவரோ ரசீதுப் புத்தகத்தோடும் நூறு, ஐம்பது ரூபாய்ச் சில்லறையோடும் இருக்க வேண்டும். பாக்கியைத் தணிந்த குரலில் சொல்லி, முடிந்ததைக் கட்டச் சொல்லி, ரசீதோடு ஒரு மஞ்சள் அட்டை கொடுங்கள். வாக்கெடுப்பில் உயர்த்த வேண்டியது அந்த அட்டையைத்தான். யாருக்கு வாக்குரிமை, யாருக்கு இல்லை என்ற சண்டை மண்டபத்துக்குள் வராமல் வாசலிலேயே தீர்ந்துவிடும். மூன்று மேசைக்கும் அப்பால் பிளேன்டீயும் ஒரு பிஸ்கட் தட்டும் இருந்தால், இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு வார்த்தை சொன்னதுபோல் இருக்கும்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம்தான் முக்கியம். மரக்கறிச் சமையலும் இறைச்சிச் சமையலும் பாத்திரத்திலும் அகப்பையிலும் பரிமாறும் மேசையிலும் வேறாக இருக்க வேண்டும்; முஸ்லிம் அங்கத்தவர்கள் இருந்தால் ஹலால் என்பது வெறும் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. கண்டியில் பல சங்கங்கள் முழுக்க மரக்கறியாகவே வைத்துவிடுகின்றன. கோவில் மண்டபமென்றால் அது கட்டாயம். மற்ற இடங்களிலும் அதுதான் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் வழி என்பது என் எண்ணம். இரண்டாவது, அளவு. ஊர்ப் பொறுப்பாளர்கள் தந்த எண்ணிக்கையைச் சமையற்காரரிடம் கொடுத்து, ஒரு கிலோ அரிசிக்கு அவர் எத்தனை பேர் கணக்குப் பார்க்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சினால் தூரத்து ஆட்களுக்குப் பார்சலாகக் கட்டிக்கொடுக்கலாம் என்று முன்னரே சொல்லி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாக அனுமதி கிடையாது. 2007இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. பகல் நிகழ்ச்சிக்கு இந்தக் கவலை இல்லை. கரண்ட் போனால் மைக் இல்லாமல் எப்படி நடத்துவது என்று மட்டும் யோசித்து வையுங்கள்.

பணத்தில், டிக்கட் விலையையும் விளம்பரத்தையும் பற்றிப் பேச நிருவாக சபையில் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். சிறப்பு மலருக்கு விளம்பரம் தந்த கடைக்காரரின் பணமும் சந்தாவாக வந்த பணமும் ஒரே உறையில் கலக்கக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த பதினான்கு நாட்களுக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, எல்லா ஊர்ப் பொறுப்பாளர்களுக்கும் அனுப்புங்கள். நட்டம் வந்திருந்தால் நட்டம் என்றே எழுதுங்கள். நட்டத்தை அங்கத்தவர் மன்னிப்பார்கள். ஆறு மாதம் கணக்குக் காட்டாத பொருளாளரை மன்னிக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சிக்கு அடுத்த ஞாயிறு நிருவாக சபை ஒரு மணித்தியாலம் கூடினால் நல்லது. நினைவு புதிதாக இருக்கும்போதே எழுத வேண்டியவை இருக்கின்றன: வருகிறோம் என்றவர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து யாருமே வரவில்லை, எத்தனை கிலோ அரிசி போட்டது, எத்தனை மிஞ்சியது, எந்தப் பேச்சு நீண்டது, மண்டபக் காவலாளியின் தொலைபேசி இலக்கம், ஜெனரேட்டர் வாடகை. இவற்றை ஒரு கோவையில் போட்டு அடுத்த செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யாருமே வராத ஊருக்கு நிருவாக சபையில் இருவர் போய் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். வராததற்குக் காரணம் பஸ்ஸா, சந்தா பாக்கியா, பழைய மனக்கசப்பா என்று அங்கே போனால்தான் தெரியும். அடுத்த வருட நிகழ்ச்சிக்கான முதலாவது வேலை அந்தப் பயணம்தான்.